அமெரிக்க வெள்ளி டாலர்: அடித்த கணக்கும் எஞ்சிய கணக்கும்

1962ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாணயச் சந்தையில் ஒரு பெரும் விலைச்சரிவு நிகழ்ந்தது. நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் 1903ஆம் ஆண்டு அடிக்கப்பட்ட வெள்ளி டாலர் அதுவரை மிக அரிய நாணயமாகக் கருதப்பட்டு வந்தது. கைபடாத நிலையில் உள்ள ஒன்றுக்கு 1,500 டாலர் என்று விலைப்பட்டியல்கள் குறித்திருந்தன. கிறிஸ்துமஸ் காலத் தேவையை ஈடுகட்ட, ஃபிலடெல்ஃபியாவில் பல பத்தாண்டுகளாகத் திறக்கப்படாதிருந்த பெட்டகத்திலிருந்து நாணய மூட்டைகள் வெளியே எடுக்கப்பட்டன. அந்த 1903 டாலர் அவற்றில் ஆயிரக்கணக்கில் இருந்தது. விரைவிலேயே அதன் விலை சில பத்து டாலர்களாகச் சுருங்கியது.

அந்த நாணயம் எத்தனை அடிக்கப்பட்டது என்பது இரகசியமாக இருந்ததில்லை. 44,50,000 என்ற எண் அரசுப் பதிவிலேயே உண்டு. ஆயினும் சேகரிப்பாளர்கள் அந்த எண்ணைப் பொருட்படுத்தவில்லை. அதற்குத் தக்க காரணம் இருந்தது. 1918இல் தொடங்கிப் பல கோடி வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டிருந்தன. எந்த ஆண்டின் நாணயம், எந்த நாணயச்சாலையின் நாணயம் உருக்கப்பட்டது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. 1903ஆம் ஆண்டு டாலர் கண்ணில் படாததால் அதுவும் உலைக்குப் போயிருக்க வேண்டும் என்று ஊகித்தார்கள். அந்த உலை மூட்டப்பட்டதற்கான காரணம் அமெரிக்காவில் இல்லை. இந்தியாவில், ரூபாய் கேட்டு அரசு அலுவலகங்களின் முன் திரண்ட மக்களிடம் இருந்தது.

அமெரிக்க மேற்கெல்லைக் குடியேற்றக் காலத்தின் வெள்ளி டாலரைச் சேகரிப்பது இன்று உலகளாவிய பொழுதுபோக்கு; பெருவணிகமும்கூட. சுரங்க நகரம், மதுக்கடை, சூதாட்ட மேசை, குதிரை வண்டிக் கொள்ளை ஆகிய படிமங்களோடு அந்த நாணயம் விற்கப்படுகிறது. ஆனால் அதன் உண்மையான வரலாறு பெரும்பாலும் நிலவறைகளிலும் உலைகளிலும் நடந்தது. சேகரிப்பாளர் கையில் இருப்பது அடிக்கப்பட்டவற்றின் மாதிரி அன்று. அழிவுக்குத் தப்பியவற்றின் மிச்சம். இந்த வேறுபாடு நாணயவியலுக்கு மட்டும் உரியதன்று. சான்றுகளைக் கொண்டு கடந்த காலத்தை எழுதும் எவருக்கும் உரியது.

மலையும் நாணயச்சாலையும்

1859இல் இன்றைய நெவாடா மாநிலத்தின் வர்ஜினியா மலைத்தொடரில் காம்ஸ்டாக் என்ற பெயரால் அறியப்படும் வெள்ளிப் படிவம் கண்டறியப்பட்டது. அந்நிலம் வாஷோ, வடக்குப் பையூட் மக்களின் வாழ்விடம். அடுத்த ஆண்டே பிரமிடு ஏரிப் பகுதியில் பையூட் மக்களுக்கும் குடியேறிகளுக்கும் போர் மூண்டது. சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கவும் உலைகளுக்கு எரிக்கவும் மரம் வேண்டியிருந்தது. மலைச்சரிவுகளில் இருந்த பைன் மரங்கள் வெட்டப்பட்டன. அவற்றின் கொட்டைகளே அம்மக்களின் குளிர்கால உணவு. தாதுவிலிருந்து வெள்ளியைப் பிரிக்கப் பாதரசம் கலக்கப்பட்டது. ஆலைகளிலிருந்து வழிந்த பாதரசம் கார்சன் ஆற்றில் படிந்தது. மத்திய அரசு சிறப்பு நிதியால் தூய்மைப்படுத்த வேண்டிய மாசுத்தலங்களின் பட்டியலில் 1990 முதல் அந்த ஆறும் இடம்பெற்றுள்ளது. காம்ஸ்டாக் வெள்ளியின் மிக நீண்ட ஆயுள் கொண்ட எச்சம் நாணயம் அன்று, அந்தப் பாதரசம் என்றுகூடச் சொல்லலாம்.

சுரங்கங்களுக்கு அருகிலேயே நாணயம் அடிக்க வேண்டும் என்ற கோரிக்கையின் பேரில் 1863இல் ஒப்புதல் தரப்பட்டு, 1870இல் கார்சன் சிட்டி நாணயச்சாலை திறக்கப்பட்டது. அதன் நாணயங்களில் 'சிசி' என்ற ஈரெழுத்துக் குறி உண்டு. 1873இல் 'பெரும் பொனான்சா' எனப்பட்ட வளமான படிவம் கிட்டிய பின்பும், அந்த வெள்ளியில் பெரும்பகுதி சான் ஃபிரான்சிஸ்கோவுக்கே சென்றது. கார்சன் சிட்டியின் பங்கு சிறியது. 1885 முதல் 1889 வரை மூடிக்கிடந்து, 1893இல் நாணயம் அடிப்பதை அது அடியோடு நிறுத்தியது. அங்கு அடிக்கப்பட்ட மோர்கன் டாலர்கள் ஏறத்தாழ 1 கோடியே 38 லட்சம். இச்சிறிய எண்ணிக்கையும் சுரங்க நகரத்தின் பெயரும் சேர்ந்து, பிற்காலச் சேகரிப்பாளரிடம் அக்குறிக்குத் தனி மதிப்பை உண்டாக்கின.

சட்டத்தால் பிறந்த டாலர்

மோர்கன் டாலர் அன்றாட வணிகத்தின் தேவையால் பிறந்ததன்று. 1873ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் வழக்கமான வெள்ளி டாலரைக் கைவிட்டது. அதே காலத்தில் ஜெர்மனி தங்க அடிப்படைக்கு மாறியது. நெவாடாவின் வெள்ளியும் சந்தையில் வந்து குவிந்தது. வெள்ளியின் விலை சரிந்தது. சுரங்க உரிமையாளர்களும், பணப்புழக்கம் பெருகினால் கடன் சுமை குறையும் என்று கருதிய விவசாயிகளும் வெள்ளியை மீண்டும் நாணயமாக்கக் கோரினர். குடியரசுத் தலைவர் ஹேய்ஸின் மறுப்பையும் மீறி, 1878 பிப்ரவரி 28 அன்று பிளாண்ட்–அல்லிசன் சட்டம் நிறைவேறியது. கருவூலம் மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை வாங்கி நாணயமாக அடிக்க வேண்டும் என்பது அதன் விதி.

நாணயத்தை வடிவமைத்தவர் ஜார்ஜ் மோர்கன்; இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 1876இல் அமெரிக்கா வந்தவர். முகப்பில் உள்ள சுதந்திர தேவியின் முகத்துக்கு ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த அன்னா வில்லெஸ் வில்லியம்ஸ் என்ற ஆசிரியை மாதிரியாக அமர்ந்தார். எடை 412.5 கிரெயின், அதில் பத்தில் ஒன்பது பங்கு வெள்ளி. 1878 முதல் 1904 வரை, இச்சட்டத்தின் கீழும் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின் கீழும், சுமார் 57 கோடி டாலர்கள் அடிக்கப்பட்டன.

இத்தனை நாணயங்களை யாரும் கேட்கவில்லை என்பதுதான் முரண். கிழக்கு மாநிலத்தவர் கனமான டாலரை விரும்பாமல் நோட்டையே நாடினர். எனவே கருவூலம் வெள்ளியை அறையில் வைத்துக்கொண்டு, அதற்கு ஈடாக 'வெள்ளிச் சான்றிதழ்' என்ற பணத்தாளை வெளியிட்டது. ஆயிரம் ஆயிரமாக மூட்டை கட்டப்பட்ட நாணயங்கள் நிலவறைகளில் அடுக்கப்பட்டன. மேற்கிலும் தெற்கிலும் சிலவே கைமாறின. பெரும்பான்மை டாலர்கள், தமக்காக வெளியான தாளுக்குப் பிணையாக இருளில் கிடந்தன.

ரூபாயின் நிழல்

வெள்ளியின் விலைச்சரிவு அமெரிக்க அரசியலோடு நிற்கவில்லை. 1835 முதல் பிரித்தானிய இந்தியாவின் ரூபாய் வெள்ளி அடிப்படையில் இயங்கியது. எவரும் வெள்ளியை நாணயச்சாலைக்குக் கொண்டுவந்து, கட்டணம் செலுத்தி ரூபாயாக அடித்துப் பெறலாம். உலகில் மலிந்த வெள்ளி இந்தியாவுக்குள் பாய்ந்தது. 1870களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 2 ஷில்லிங்காக இருந்த ரூபாயின் மதிப்பு, இருபது ஆண்டுகளில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு விழுந்தது. லண்டனுக்கு ஆண்டுதோறும் ஸ்டெர்லிங்கில் செலுத்த வேண்டியிருந்த 'உள்நாட்டுக் கட்டணங்கள்' அதனால் ரூபாய்க் கணக்கில் பெருகின. அச்சுமை இந்திய வரி செலுத்துவோர் மீது விழுந்தது.

1893 ஜூன் 26 அன்று இந்திய அரசு தன் நாணயச்சாலைகளைத் தனியாரின் வெள்ளிக்கு மூடியது. உலகின் மிகப்பெரிய வெள்ளிச் சந்தைகளுள் ஒன்று ஒரே நாளில் கதவடைத்தது. வெள்ளி விலை கடுமையாகச் சரிய, சில நாட்களிலேயே கொலராடோவின் சுரங்க உரிமையாளர்களும் உருக்காலைகளும் வேலையை நிறுத்தினர். ஏற்கெனவே நிதி நெருக்கடியில் இருந்த அமெரிக்கா, அவ்வாண்டு நவம்பரில் ஷெர்மன் சட்டத்தின் கொள்முதல் விதியை நீக்கியது. அதே 1893இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்ட டாலர்கள் ஒரு லட்சம் மட்டுமே. இன்று அது மோர்கன் வரிசையின் மிக விரும்பப்படும் நாணயங்களுள் ஒன்று. போலிகளும் அதற்கு மிகுதி. ஆனால் இந்தியாவின் பங்கு அந்த ஆண்டோடு முடியவில்லை. கால் நூற்றாண்டு கழித்து அது எதிர்த்திசையில் வெளிப்பட்டது.

1918: உலையில் போன கோடிகள்

முதல் உலகப் போரின்போது படைகளுக்கான தானியம், சணல், தோல், துணி ஆகியவற்றை ஆங்கில அரசு இந்தியாவில் பெருமளவில் வாங்கியது. அவற்றுக்கும் படைவீரர் சம்பளத்துக்கும் ரூபாய் வேண்டியிருந்தது. மெக்சிகோவின் புரட்சியால் அங்கு வெள்ளி உற்பத்தி குன்றியிருந்தது, விலை ஏறியது. அவுன்ஸ் 43 பென்ஸைத் தொட்டபோது ரூபாயின் உலோக மதிப்பு அதன் முகமதிப்புக்குச் சமமானது. அதற்கு மேல் ரூபாயை உருக்குவதே இலாபம். 1917இல் அரசு ரூபாயை உருக்குவதையும் ஏற்றுமதி செய்வதையும் தடை செய்தது. அவ்வாண்டின் இறுதியில் ஒரு ரூபாய் நோட்டும், தொடர்ந்து இரண்டரை ரூபாய் நோட்டும் வெளிவந்தன. ஒரு ரூபாய் நோட்டில் ரூபாய் நாணயத்தின் படமே அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் உழவருக்கு ரூபாய் என்பது செலவழிக்கும் காசு மட்டுமன்று. அதுவே சேமிப்பு, அதுவே நகைக்கான உலோகம். படம் அச்சிட்ட தாளால் அந்த வேலையைச் செய்ய இயலாது. நோட்டைக் கொடுத்து வெள்ளி கேட்டோர் கூட்டம் பெருகியது. சில இடங்களில் நோட்டு முகமதிப்புக்குக் குறைவாகவே ஏற்கப்பட்டது. 1918 ஜூன் தொடக்கத்தில் அரசின் கையிருப்பில் இருந்த வெள்ளி ரூபாய் சுமார் 4 கோடியாகச் சுருங்கியது. நோட்டுக்கு நாணயம் தர இயலாது என்று அறிவிக்க நேர்ந்தால், அது போர்க்காலத்தில் ஆட்சியின் சொல்லே செல்லாது என்று அறிவிப்பதற்கு ஒப்பாகும்.

உலகில் அந்த அளவு வெள்ளி ஒரே இடத்தில் ஆயத்தமாக இருந்தது அமெரிக்கக் கருவூலத்தின் நிலவறைகளில்தான். நெவாடா மாநிலச் செனட்டர் கீ பிட்மனின் பெயரால் வழங்கும் சட்டம் 1918 ஏப்ரல் 23 அன்று நிறைவேறியது. 35 கோடி டாலர்கள் வரை உருக்க அது அனுமதித்தது. உருக்கப்பட்டவை 27,02,32,722. அவற்றுள் 25,91,21,554 டாலர்களின் வெள்ளி, அவுன்ஸ் ஒரு டாலர் என்ற விலையில் இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. மீதி 1,11,11,168 டாலர்களின் வெள்ளி அமெரிக்காவின் சில்லறை நாணயங்களுக்குப் பயன்பட்டது.

இங்கே ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்க்கத்தக்கது. டாலரில் உள்ள தூய வெள்ளி 371.25 கிரெயின். 180 கிரெயின் எடையுள்ள ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதாவது 165 கிரெயின். ஒரு டாலரை உருக்கினால் மிச்சமின்றி இரண்டேகால் ரூபாய்க்கான வெள்ளி கிடைக்கும். விற்கப்பட்ட வெள்ளி முழுவதையும் ரூபாயாகக் கணக்கிட்டால் தொகை ஏறத்தாழ 58 கோடி. 1918, 1919 ஆகிய ஆண்டுகளைத் தாங்கிய ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் இந்திய நாணயச் சந்தையில் மிக எளிதாகக் கிடைப்பதற்கு இந்த நெருக்கடிக் கால நாணய வெளியீடே காரணம். அவற்றுள் எந்த ஒரு ரூபாயையும் எடுத்து, இது நெவாடா வெள்ளி என்று நிறுவ இயலாது. உலை அடையாளங்களை அழித்துவிடும். ஆனால் மொத்தக் கணக்கு ஐயத்துக்கு இடமற்றது. அமெரிக்கச் சேகரிப்பாளரின் தொகுப்பில் தென்படும் இடைவெளியும், இந்தியச் சேகரிப்பாளரின் தட்டில் குவியும் மிகுதியும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள்.

சுரங்க மாநிலங்களும் இதில் இழக்கவில்லை. உருக்கியதற்கு ஈடான வெள்ளியை அமெரிக்கச் சுரங்கங்களிடமிருந்தே அதே ஒரு டாலர் விலைக்கு அரசு திரும்ப வாங்க வேண்டும் என்று சட்டம் விதித்தது. 1920க்குப் பின் உலகச் சந்தையில் விலை விழுந்தபோதும் அவர்களுக்கு அந்த விலை உறுதியாயிற்று. அந்த வெள்ளியைக் கொண்டு 1921இல் மோர்கன் டாலர் மீண்டும் அடிக்கப்பட்டது. பழைய மூல அச்சுகள் 1910இலேயே அழிக்கப்பட்டிருந்ததால், முதுமையிலும் பணியில் இருந்த மோர்கனே அச்சுகளைப் புதிதாகச் செதுக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் இறுதியில் 'அமைதி டாலர்' அதன் இடத்தைப் பிடித்தது.

தப்பிப் பிழைத்தவை

உருக்கப்பட்டவற்றுக்கு ஆண்டுவாரிக் கணக்கு இல்லாததால், அடித்த எண்ணிக்கைக்கும் அருமைக்கும் உள்ள தொடர்பு அறுந்தது. ஃபிலடெல்ஃபியாவின் 1895ஆம் ஆண்டு டாலர் இதற்குத் தெளிவான சான்று. புழக்கத்துக்காக 12,000 அடிக்கப்பட்டதாகப் பதிவு கூறுகிறது. ஐயத்துக்கு இடமின்றி அவற்றுள் ஒன்றென்று ஏற்கப்பட்ட நாணயம் எதுவும் இல்லை. சேகரிப்பாளர்களுக்கெனத் தனிக் கவனத்துடன் அடிக்கப்பட்ட 880 சிறப்பு நாணயங்களின் வழியாக மட்டுமே அந்த ஆண்டு அறியப்படுகிறது. 12,000 நாணயங்களும் உருக்கப்பட்டன என்பது ஒரு கருத்து. அவை அவ்வாண்டு அடிக்கப்படவே இல்லை, அது கணக்கேட்டின் பதிவு மட்டுமே என்பது மற்றொன்று. அரசு ஆவணம் ஒன்று சொல்கிறது. பொருட்சான்று மௌனமாக இருக்கிறது.

1960களின் தொடக்கத்தில் வெள்ளி விலை ஏறவே, மக்கள் நோட்டைக் கொடுத்து டாலர்களை மூட்டை மூட்டையாக வாங்கிச் சென்றனர். 1964 மார்ச்சில் கருவூலம் வழங்கலை நிறுத்தியது. அப்போது எஞ்சியிருந்தவை சுமார் 29 லட்சம். பெரும்பாலானவை வாஷிங்டன் கருவூலக் கட்டடத்தில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த கார்சன் சிட்டி டாலர்கள். பொதுச் சேவைகள் நிர்வாகம் என்ற அரசுத் துறை 1972 முதல் 1980 வரை அவற்றைப் பொதுமக்களுக்கு விற்றது.

அந்த விற்பனையின் கணக்கு பழைய எண்ணங்களைத் தலைகீழாக்கியது. 1884இல் கார்சன் சிட்டியில் அடிக்கப்பட்ட 11,36,000 டாலர்களுள் 9,62,638 அப்படியே அறையில் இருந்தன. 1885ஆம் ஆண்டின் 2,28,000 டாலர்களுள் 1,48,285 இருந்தன. 1889இல் அங்கு 3,50,000 அடிக்கப்பட்டிருந்தும், எஞ்சிய குவியலில் இருந்தது ஒன்றே ஒன்று. குறைவாக அடிக்கப்பட்ட 1885 டாலரை நடுத்தர வருவாய் உள்ளவர் முயன்றால் வாங்கலாம். மிகுதியாக அடிக்கப்பட்ட 1889 டாலர் நல்ல நிலையில் கிடைத்தால் அதன் விலை பல மடங்கு.

தனியார் குவியல்களும் இருந்தன. நெவாடாவின் ரீனோ நகரில் வாழ்ந்த லவெர் ரெட்ஃபீல்ட் 1974இல் இறந்தபோது, அவர் வீட்டின் நிலவறையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்கள் இருந்தன. 1976இல் அவை 73 லட்சம் டாலருக்கு ஏலம் போயின. அரசையும் வங்கியையும் நம்பாத ஒரு மனிதரின் நிலவறை, பல ஆண்டுகளின் நாணயங்களுக்கு ஆவணக் காப்பகமாக மாறியது.

கீறலை வாசித்தல்

அரசு தன் விற்பனை விளம்பரத்தில் கொள்ளையன் ஜெஸ்ஸி ஜேம்ஸின் பெயரைப் பயன்படுத்தியது; அவன் கைக்குச் சிக்காத நாணயங்கள் என்பது அதன் சாரம். விளம்பரம் தன்னை அறியாமலே உண்மையைச் சொன்னது. அந்த நாணயங்கள் ஜெஸ்ஸி ஜேம்ஸின் கைக்கு மட்டுமன்று, சுரங்கத் தொழிலாளி கைக்கும், சமையற்காரர் கைக்கும், மளிகைக் கடைக்காரர் கைக்கும் சிக்கவில்லை. அடித்த கணத்திலிருந்து மூட்டையில் இருந்தன.

இன்று நாணயத்தின் நிலை 1 முதல் 70 வரையான அளவையில் மதிப்பிடப்பட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிடப்படுகிறது. உயர்நிலைகளில் ஒரு புள்ளி கூடினாலே விலை பன்மடங்காவது உண்டு. அந்தப் புள்ளியைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் தேவியின் கன்னத்தில் உள்ள நுண்கீறல்கள். அவற்றைக் காணும் புதியவர், அவை சூதாட்ட மேசையில் விழுந்த தழும்புகள் என்று எண்ணக்கூடும். உண்மையில் அவை மூட்டைக்குள் ஆயிரம் நாணயங்கள் ஒன்றோடொன்று உரசியதன் தடங்கள். ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மாற்றப்பட்டதன் பதிவு. வணிகத்தின் சுவடன்று, சேமிப்பின் சுவடு.

மேற்கெல்லையில் உண்மையிலேயே கைமாறிய டாலர் வேறு விதமானது. தலைமுடியின் கோடுகள் தேய்ந்திருக்கும்; கழுகின் மார்பு வழவழப்பாகியிருக்கும். கூலியாகவும் வாடகையாகவும் கடனாகவும் இருந்த வரலாறு அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. சந்தை அதற்குக் குறைந்த விலையே தருகிறது. மிக அதிக விலை, மிகக் குறைந்த அளவு வாழ்ந்த நாணயத்துக்கே. அழகை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதை வரலாறு என்ற பெயரில் வாங்கும்போது சொல் பிறழ்கிறது.

சேகரிப்பாளர்களின் அறிவுப் பங்களிப்பு குறைத்து மதிப்பிடத்தக்கதன்று. லெராய் வான் ஆலன், ஜார்ஜ் மாலிஸ் ஆகிய இருவரும் மோர்கன் டாலரின் அச்சு வேறுபாடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வகைப்படுத்தினர். ஓர் அச்சு எவ்வாறு தேய்ந்தது, எங்கே வெடித்தது, எந்த எழுத்து இருமுறை பதிந்தது என்பவற்றிலிருந்து நாணயச்சாலையின் அன்றாடப் பணியை மீட்டெழுத முடிகிறது. ஆவணங்கள் சொல்லாததை உலோகம் சொல்லும் இடம் அது.

உலோகம் சொல்ல முடியாத இடமும் உண்டு. 27 கோடி டாலர்கள் இல்லை. அவற்றின் தேய்மானம், அச்சு வேறுபாடு, புழங்கிய ஊர் ஆகிய எல்லாம் உருகிப் பாளமாகி, ரூபாயாகி, அவற்றுள் ஒரு பகுதி கொலுசாகவும் காப்பாகவும் மாறியிருக்கக்கூடும். எஞ்சிய டாலர்களை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாறு, எஞ்சுவதற்கு வாய்ப்புப் பெற்றவற்றின் வரலாறு. கார்சன் சிட்டி டாலர் ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எத்தனை அடிக்கப்பட்டது என்பதன்று. மற்றவை எங்கே போயின, இது மட்டும் ஏன் போகவில்லை என்பதே. முதல் பாதிக்கான விடையைத் தேடுவோர் 1918ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.